தனித் தட்டும் வேண்டாம், தனி இடமும் வேண்டாம்

கடிதம் எழுதியிருப்பவர் 44 வயதுப் பெரியம்மா. தங்கையின் கணவர் 2 வருடங்களுக்கு முன்பு இறந்தார், தங்கை 7 மாதங்களுக்கு முன்பு. இருவருக்கும் எய்ட்ஸ். தங்கை தன் நோயைக் கடைசி வரை குடும்பத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய 9 வயது மகளும் 5 வயது மகனும் இப்போது பெரியம்மா வீட்டில் வளர்கிறார்கள். பகலில் பாட்டி பார்த்துக்கொள்கிறார். பெரியம்மாவுக்கு 12 வயதில் சொந்த மகன் ஒருவனும் உண்டு.

பையனுக்கு எச்ஐவி இருக்கிறது. 2 வயதிலிருந்து மருந்து சாப்பிடுகிறான். அம்மா இருந்தவரை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, அடங்கியே இருந்தது, சென்ற பரிசோதனையில் ஏறிவிட்டது. பாட்டி இரவில் அவனை எழுப்பி “சத்து மாத்திரை” என்று சொல்லிக் கொடுக்கிறார். துப்புகிறான், பாய்க்கு அடியில் ஒளிக்கிறான். பெண்ணுக்கு இதுவரை பரிசோதனையே செய்யவில்லை, “அவள் திடமாகத்தான் இருக்கிறாள்.” அம்மா வெளியூர் போயிருப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். பெண் தினமும் மாலையில் “எப்ப வருவாங்க?” என்று கேட்கிறாள். பையன் மீண்டும் படுக்கையை நனைக்கிறான். அவன் விளையாடுவதெல்லாம் ஆம்புலன்ஸ் விளையாட்டுதான்.

வீட்டில் பையனுக்குத் தனித் தட்டு, தனிச் சோப்பு, தனித் துண்டு. அவனை ஏதாவது இல்லத்தில் விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் உறவினர்கள். மாதத்தில் ஒரு நாள் ஏன் விடுப்பு என்று பள்ளியில் கேட்கிறார்கள். கடைசி வரியில் சகோதரி எழுதியிருப்பது: “செத்துப்போன தங்கை மேல் எனக்குக் கோபம் வருகிறது. இது பாவமா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. சில பதில்கள் இன்றைக்கே செய்யக்கூடியவை, அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

தட்டு, சோப்பு, துண்டு

மூன்றையும் இன்றே ஒன்றாக்கிவிடுங்கள். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர், ஒரே தட்டு, ஒரே கழிப்பறை, முத்தம், கொசுக்கடி எதிலும் எச்ஐவி பரவாது. படுக்கையை நனைத்த துணியைச் சாதாரணமாகத் துவைத்தால் போதும். கவனம் வேண்டியது ரத்தத்தில்தான். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் கையுறையோ சுத்தமான பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, கட்டுப் போடுங்கள். உங்கள் மகன் விழுந்து வந்தாலும் இதே முறைதான். பல் துலக்கும் பிரஷ் எந்த வீட்டிலும் ஆளுக்கொன்றுதான்.

வீட்டில் உண்மையான ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. வைரல் லோடு ஏறியிருக்கும்போது அவனிடமிருந்து உங்களுக்கு என்ன வரும் என்பதைவிட, உங்களிடமிருந்து அவனுக்கு என்ன வரும் என்று பார்க்க வேண்டும். பாட்டிக்கோ உங்களுக்கோ 2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பையனுக்கு இருமல் வந்தால் 2 வாரம் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் யாருக்காவது தட்டம்மை, சின்னம்மை என்று தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். தடுப்பு மருந்து கொடுக்க அவர்களுக்குக் கிடைப்பது சில நாட்கள்தான்.

பெண்ணுக்கும் பரிசோதனை

“திடமாக இருக்கிறாள், அதனால் இருக்காது” என்ற கணக்கு தவறு. தாயிடமிருந்து தொற்று வந்த குழந்தைகளில், சிகிச்சை இல்லாவிட்டால், ஏறக்குறைய பாதிப்பேர் 2 வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது உண்மை. அதனாலேயே 9 வயது வரை வந்த பிள்ளைக்கு இருக்காது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் சிலருக்குப் பத்து வயது தாண்டியும் பெரிதாக எதுவும் வெளியே தெரியாது. வளர்த்தி மட்டும் கொஞ்சம் குறையும், அடிக்கடி காது சீழ் பிடிக்கும், தோலில் ஏதாவது வந்துபோகும், அவ்வளவுதான். 18 மாதத்துக்குக் கீழே தாயின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) குழந்தை ரத்தத்தில் இருக்கும் என்பதால் தனிவகைப் பரிசோதனை தேவை. அவள் வயதில் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். இருக்கிறது என்று வந்தால் மட்டும் வேறு பரிசோதனைகளால் உறுதி செய்வார்கள். தம்பியின் அடுத்த மருத்துவமனை நாளிலேயே செய்துவிடுங்கள்.

மருந்து ஏன் உள்ளே போகவில்லை

தங்கை சிகிச்சைப் புத்தகத்தின் ஓரத்தில் “காலை 7. 4 மாத்திரை. கொஞ்சமாத் தண்ணி” என்று எழுதி வைத்திருப்பதாகவும், பாட்டி அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். பையனின் எடை இப்போது 16 கிலோ என்கிறீர்கள்.

அவன் சாப்பிடுவது அபகாவிர், டொலுடெக்ராவிர், லாமிவுடின் மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்த, தண்ணீரில் கரையும் குழந்தைகள் வகை. அதன் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. 10 கிலோ முதல் 14 கிலோவுக்குள் இருந்தால் தினம் 4, 14 முதல் 20 கிலோவுக்குள் 5, 20 முதல் 25 கிலோவுக்குள் 6. தங்கை எழுதியபோது 4 சரியாக இருந்திருக்கும். பிள்ளை வளர்ந்துவிட்டான், குறிப்பு வளரவில்லை. டப்பாவின் லேபிளைப் பாருங்கள், அநேகமாக 5 என்று இருக்கும். அப்படி இருந்தால் இன்றிலிருந்து 5. லேபிளிலும் 4 என்றே இருந்தால் நீங்களாகக் கூட்டாதீர்கள். மருத்துவமனைக்கு இன்றே பேசி, எடையைச் சொல்லிக் கேளுங்கள். இனி ஒவ்வொரு முறை போகும்போதும் எடை பார்த்த பிறகுதான் மருந்து வாங்க வேண்டும்.

அளவு சரியானாலும் தம்ளரில் பாதி தங்கிவிடலாம். ஒரு சின்னக் கிண்ணத்தில் 20 மில்லி தண்ணீர், அதாவது 4 தேக்கரண்டி போதும். மாத்திரைகளைப் போட்டுக் கட்டியில்லாமல் கரையும்வரை சுழற்றிவிட்டுக் கொடுங்கள். காலிக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் மாவு மாதிரி படிந்திருக்கும், அதுவும் மருந்துதான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வைக்க வேண்டும். கரைத்த அரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தம்ளர் நிறையத் தண்ணீரில் கரைத்தால் எந்தக் குழந்தையும் முழுக்கக் குடிக்காது. மாத்திரைகளை எடுத்து வாரப்பெட்டியில் அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த வகை ஈரத்தை இழுக்கும். உள்ளே ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் சின்னப் பொட்டலத்தோடு மூல டப்பாவிலேயே இருக்கட்டும்.

இரும்புச்சத்து, கால்சியம், துத்தநாகம் கலந்த டானிக் கொடுக்கிறீர்களா? டொலுடெக்ராவிரை அவை பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. மருந்து முதலில், டானிக் குறைந்தது 2 மணி நேரம் கழித்து. டானிக்கை முன்னால் கொடுத்துவிட்டால் மருந்துக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினாலும் டொலுடெக்ராவிரின் அளவு மாறும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

தூக்கத்தில் எழுப்பிக் கொடுத்தால் துப்பத்தான் செய்வான். தினம் ஒரு வேளை மருந்துக்கு இரவுதான் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவமனையில் சொல்லிவிட்டுக் காலைக்கே மாற்றுங்கள், அவன் அம்மா கொடுத்த நேரமும் அதுதான். கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் முழு அளவு கொடுங்கள். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுக்கலாம், அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. பல நாள் நின்றுபோன மருந்தை நீங்களாக மறுபடி தொடங்காதீர்கள். அபகாவிர் அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையைக் கொடுக்கும், இடைவெளி விட்டுத் தொடங்கும்போதும் அது வரலாம். காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு ஒன்றாக வந்தால் உடனே ஓட வேண்டும்.

பாட்டிக்குத் துணையாக ஒரு கணக்கு: நாளைக்கு 5 என்றால் 30 நாளைக்கு 150. வாரம் ஒருமுறை எண்ணுங்கள். மிச்சம் அதிகமாக இருந்தால் எத்தனை நாள் தவறியது என்று தெரிந்துவிடும், யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. தங்கை எப்படிக் கொடுப்பார் என்பதைப் பெண்ணிடம் கேளுங்கள். கூடவே இருந்து பார்த்தவள் அவள்தான். ஆனால் கொடுக்கும் பொறுப்பை அவள் தலையில் வைத்துவிடாதீர்கள்.

வைரல் லோடு ஒரு மில்லி ரத்தத்தில் 1,000-க்கு மேல் ஏறினால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. 3 மாதம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். டொலுடெக்ராவிருக்கு வைரஸ் எளிதில் பழகிக்கொள்ளாது. இத்தகைய ஏற்றங்கள் பெரும்பாலும் மருந்து உள்ளே போகாததால் வருபவை, திரும்ப இறங்கக்கூடியவை.

“சத்து மாத்திரை” என்ற பெயர்

அக்காவுக்கு இல்லாத சத்து எனக்கு மட்டும் எதற்கு என்று அவன் யோசிக்க ஆரம்பித்துவிட்டான், ஒளித்து வைப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். 6 முதல் 12 வயதுக்குள் பிள்ளையிடம் நோயைப் பெயர் சொல்லித் தெரிவிக்க வேண்டும், அதற்கு முன்பே வயதுக்கேற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும் என்பது 2011-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 5 வயதுக்கு இது போதும்: “உன் உடம்புல ஒரு கிருமி இருக்கு. இந்த மருந்து அதைத் தூங்க வைக்கும். ஒரு நாள் விட்டாலும் அது முழிச்சுக்கும்.” கிருமியின் பெயரை அவன் கேட்கும்வரை சொல்ல வேண்டாம். கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். “உனக்கு இன்னும் கொஞ்சம் வயசானதும் டாக்டரும் நானும் சேர்ந்து சொல்றோம்” என்பது பொய் அல்ல. விடலைப் பருவத்தில் யாரோ வாய் தவறிச் சொல்லித் தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் மருந்தை விட்டுவிடுவதும் உண்டு.

அம்மா எங்கே

இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். வெளியூர் போனவர்கள் திரும்பி வருவார்கள், பிள்ளையின் நியாயம் அது. 7 மாதமாக வரவில்லை என்றால் ஒன்று அம்மாவுக்கு என் மேல் பாசமில்லை, இல்லை நான் ஏதோ தப்புச் செய்தேன், வேறு விடை அவளுக்கு இல்லை. அவளுக்கு ஓரளவு தெரிந்தேகூட இருக்கலாம். தெரிந்துகொண்டே ஒவ்வொரு மாலையும் உங்களைச் சோதிக்கும் 9 வயதுக்காரர்கள் உண்டு.

இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து, பகலில், நீங்களே சொல்லுங்கள். “அம்மா இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு. திரும்ப வர மாட்டாங்க. ஊருக்குப் போயிருக்காங்கன்னு நாங்க சொன்னது தப்பு.” இந்தக் கடைசி வரியை விழுங்கிவிடாதீர்கள். தூங்குகிறாள், கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்று மென்மையாக்க வேண்டாம். முதலாவது தூக்கத்தின் மேல் பயத்தைக் கொண்டுவரும், இரண்டாவது கடவுளின் மேல்.

பிறகு அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மூன்றுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். என்னாலயா? “இல்லை. நீ அடம் பிடிச்சதால, கோவத்துல எதாவது நினைச்சதால யாரும் சாக மாட்டாங்க.” எனக்கும் அப்படி ஆகுமா? “அம்மா மருந்து ஆரம்பிக்க ரொம்ப லேட் ஆயிடுச்சு. உங்க உடம்பை டாக்டர் பாத்துட்டே இருக்கார்.” என்னை யார் பார்த்துப்பாங்க? “நான். எனக்கு உடம்பு சரியில்லாட்டி இவங்க.” ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

5 வயதில் சாவு என்பது நிரந்தரம் என்று பிடிபடாது. அடுத்த வாரமே “அம்மா பிறந்தநாளுக்கு வருவாங்களா?” என்பான். அதே சொற்களில், சலிக்காமல், மறுபடி சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் விளையாட்டைத் தடுக்காதீர்கள், அவனுக்கு வேறு மொழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து “ஆம்புலன்ஸ்ல யாரு இருக்காங்க?” என்று கேட்டால் போதும். படுக்கை நனைப்பதற்குத் திட்டோ ஒப்பீடோ வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. காய்ச்சலோடு நனைத்தால், எடை குறைந்தால், பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்தால், நடை தடுமாறினால் டாக்டர் பார்க்க வேண்டும். பெண் விளையாட்டையே நிறுத்திவிட்டால், அம்மாவிடம் போக வேண்டும் என்று செத்துப்போவதைப் பற்றிப் பேசினால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் அன்றே அழைத்துப் போங்கள்.

உகாண்டாவில் எச்ஐவி உள்ள தாய்மார்கள் 1990-களில் தங்கள் பிள்ளைகளுக்கென்று நினைவுப் புத்தகம் எழுதி வைத்தார்கள்: நீ பிறந்த நாள், உனக்குப் பிடித்தது, நம் குடும்பத்தில் யார் யார். உங்கள் தங்கைக்கு அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை, நீங்கள் எழுதலாம். ஒரு பெட்டியில் புகைப்படம், சீப்பு, அவருடைய துவைக்காத துணி ஒன்று. அந்தத் துணியை யாரும் சுத்தம் செய்கிறேன் என்று துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையனை மட்டும் அனுப்புவது

கூடாது என்பது என் கருத்து. அம்மா, அப்பா, வீடு என்று மூன்றை இழந்தவனிடம் மிச்சம் இருப்பது அக்காதான். அவளுக்கும் அப்படியே, தம்பியை அனுப்பியதைப் பார்த்தவள், தனக்கு நோய் வந்தால் தன்னையும் அனுப்புவார்கள் என்று கற்றுக்கொள்வாள். 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், தகுந்த காரணமின்றி உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது, வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக்கூடாது என்கின்றன. இல்லத்தில் கொடுக்கப்போவதும் இதே மாத்திரைதான். பணம்தான் முட்டுக்கட்டை என்றால், உங்கள் நாட்டில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் அவர்களை வளர்க்கும் உறவினருக்கும் என்ன உதவித்தொகை உண்டு என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். பெரியம்மா என்பதால் நீங்கள் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து, பள்ளி மாற்றம், பெற்றோரின் சேமிப்பு எல்லாவற்றிலும் ஒருநாள் யாரோ “நீங்கள் யார்?” என்பார்கள். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், சிகிச்சைப் புத்தகம், தங்கை எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் அது, சொத்து, வங்கி, காப்பீட்டுத் தாள்கள் இவற்றை ஒரே உறையில் போட்டு, பாதுகாவலர் உத்தரவுக்கு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள், பல இடங்களில் இலவச சட்ட உதவி உண்டு. பிள்ளைகளின் பங்கை அவர்கள் பெயரிலேயே வைத்திருங்கள். இல்லத்தில் விடச் சொல்பவர்களில் யாருக்காவது அந்தச் சொத்தில் கண் இருக்கிறதா என்றும் பாருங்கள். கசப்பான சந்தேகம்தான், ஆனால் புதிது அல்ல.

பள்ளியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. “நீண்டகாலச் சிகிச்சை, மாதம் ஒருநாள் பரிசோதனை” என்று சொல்லி, மருத்துவமனையிலிருந்து நோய் பெயர் இல்லாத வருகைச் சான்று வாங்கிக் கொடுங்கள். மருந்து காலையில் வீட்டிலேயே முடிந்துவிடுவதால் பள்ளியில் யாரும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் மகனுக்கும் பையனின் அக்காவுக்கும் இப்போதைக்கு “தம்பிக்குத் தினமும் மருந்து வேணும்” என்பது போதும். நோயின் பெயர் அவனுடைய செய்தி, அவனுக்குத் தெரிவதற்கு முன் மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது.

உங்கள் கோபம்

பாவம் இல்லை. சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்ற ஆதங்கம் அது, இறந்தவரைப் பிடித்திருந்தால்தான் வரும். உங்களுக்குத் தங்கை போனாள், பாட்டிக்கு மகள் போனாள், இருவரும் அழ நேரமில்லாமல் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். 2 வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் நீங்களும் டாக்டரிடம் போக வேண்டும். யோசனை சொல்லும் உறவினர்களிடம் வேலை கேளுங்கள்: மாதம் ஒருநாள் மருத்துவமனைக்குத் துணை, வாரம் ஒரு மாலை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. பாதிப்பேர் யோசனையை நிறுத்திக்கொள்வார்கள், மீதிப்பேர் வருவார்கள். உங்கள் 12 வயதுக்காரனுக்குத் தினமும் கால் மணி நேரம் தனியாகக் கொடுங்கள், அவன் எதுவும் கேட்கமாட்டான்.

கோபத்தைப் பிள்ளைகள் காதில் மட்டும் போடாதீர்கள். தன் நோயை மறைத்த அதே தங்கைதான் 3 வருடம் மகனைத் தவறாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார், அடங்கியிருந்த வைரல் லோடு அதற்குச் சாட்சி. அந்தச் சிகிச்சைப் புத்தகம் நிறைந்து புதியது தரும்போது பழையதை நினைவுப் பெட்டியில் வையுங்கள். அதுவரை, ஓரத்தில் அவர் எழுதிய 4-ஐ அடிக்க வேண்டாம். மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதற்குக் கீழே தேதி போட்டு உங்கள் கையால் 5 என்று எழுதுங்கள்.